கழுத்து வரை பட்டன்

அன்று என் தங்கை வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான், என் மனைவி, என் தங்கை, பழைய புத்தகக் கடைக்காரர் ஆகிய நால்வர். பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஜன்னலுக்கு வெளியே கொடியில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரே துண்டுதான். உதறினார், போட்டார், எடுத்தார், மறுபடி உதறினார். அவரை இருந்தவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே நடந்ததை ஊரெல்லாம் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதனால்தான் நான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

என் தங்கையின் கணவர் போன குளிர்காலத்தில் இறந்துபோனார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தவர். நல்ல மனிதர், குரல் உயர்த்திப் பேசியதில்லை, கடைசிவரை என்னை ‘மச்சான்’ என்று மரியாதையாகக் கூப்பிட்டார். அவரிடம் எனக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. ஆண்களுக்கென்று வருகிற பத்திரிகைகள் இருக்கின்றனவே, நடுப்பக்கத்தை விரித்தால் ஒரு பெண் போதிய துணியில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பாளே, அவற்றின் பழைய இதழ்களை அவர் சேர்த்தார். புதிதாக வருவதை வாங்க மாட்டார். எப்போதோ நின்றுபோன பத்திரிகைகளின் பழுப்பேறிய இதழ்கள்தான் வேண்டும். மீட்டர் பார்க்கப் போகிற தெருக்களில் எந்தப் பழைய பேப்பர் கடைக்கு என்றைக்குச் சரக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் அவருக்கும் இடையில் இதைப் பற்றி ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை. நான் போகும்போது உள்ளறைக் கதவு சாத்தியிருக்கும். அந்தச் சாத்திய கதவை நான் ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு தங்கை மாடிப்படி ஏறி இறங்க முடியாமல் முழங்கால் வலியோடு தனியாக இருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன். கீழறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, அவளுடைய தையல் மிஷின் ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கும்படி இடம் ஒதுக்கினேன். பிள்ளைகள் இல்லாத அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். மிஷின் வரலாம், கட்டில் வரலாம், பூனை கூட வரலாம். அந்தப் பத்திரிகைகள் என் நிலைப்படியைத் தாண்டக் கூடாது. எங்கள் அப்பா நடமாடிய வீடு அது.

“சரி அண்ணா” என்றாள். மறுபேச்சுப் பேசவில்லை. தங்கை மறுபேச்சுப் பேசாதபோது கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் கடைக்காரரை வரச் சொன்னேன்.

கடைக்காரர் மெலிந்தவர். உள்ளே வந்ததும் கை கழுவத் தண்ணீர் கேட்டார். கழுவித் துடைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தகரப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு இதழாக எடுத்தார். முகர்ந்து பார்த்தார். முதுகில் குத்திய கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று நகத்தால் தடவினார். பக்கங்களை எண்ணினார். நடுப்பக்கம் கிழிபடாமல் இருக்கிறதா என்று பார்க்க அதை விரித்தார். விரித்தபோதெல்லாம் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. மருந்துக் கடையில் சீட்டுப் பார்க்கிறவரைப் போல இருந்தார். அந்த மாதிரிப் பொருளை அந்த மாதிரி முகத்தோடு பார்க்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒரு இதழ் மட்டும் கண்ணாடித்தாள் உறைக்குள் நான்கு பக்கமும் ஒட்டப்பட்டுத் தனியாக இருந்தது. அதைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“முதல் வருஷத்து இதழ் ஐயா. இப்படி ஒட்டி வச்சிருக்காருன்னா உள்ள பழுதே இருக்காது. இங்க பிரிச்சா ஓரம் கிழியும். கடையில போய்ப் பக்குவமா பிரிச்சுக்கறேன்.”

“தாராளமாக” என்றேன். தங்கை அப்போது அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் தட்டோடு வந்தபோது இரண்டு அடுக்குகள் இருந்தன. சின்னது அவர் எடுத்துக்கொள்வது. பெரியதை அவர் கையால் தள்ளி வைத்திருந்தார்.

“இதெல்லாம் எடுக்க முடியாதும்மா. பேனாவால கிறுக்கி வச்சிருக்கு. வீட்ல சின்னப் பசங்க யாராவது இருந்தாங்களா?”

“பசங்க இல்ல. நான்தான்” என்றாள் தங்கை. “சர்க்கரை போதுமா பாருங்க.”

வெளியே துண்டு உதறும் சத்தம் நின்றது.

கடைக்காரர் தேநீரைக் குடித்தார், தன் அடுக்கை நூலால் கட்டினார், பேசிய தொகையை வைத்துவிட்டுக் கிளம்பினார். அவர் படியிறங்கிய பிறகு, தள்ளிவைத்த அடுக்கில் மேலே இருந்ததை நான் இரண்டு விரலால் எடுத்தேன். எங்கள் வீட்டுப் பெண் எதைக் கிறுக்கினாள் என்று தெரிந்துகொள்ளும் கடமை எனக்கு இருந்தது.

கடற்கரையில் ஒரு பெண் படுத்திருந்தாள். நீல மையில், மணிக்கட்டு வரை கை வைத்த கவுன் போட்டிருந்தாள். கிறுக்கல் இல்லை அது. தோளில் சுருக்கம் எங்கே விழவேண்டுமோ அங்கே விழுந்திருந்தது. இடுப்பில் பிடித்த தையல், காலர் மடிப்பு, பட்டன் துளையைச் சுற்றிப் போடுகிற நெருக்கமான நூல், எல்லாம் இருந்தது. அடுத்த இதழில் ஏணிமேல் நின்றவளுக்குக் கட்டம் போட்ட பாவாடையும் பின்னல் சட்டையும். அதற்கடுத்ததில் கம்பளி மேலங்கி, கையுறை, காது மறையும் தொப்பி. அவளுடைய சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பாகவே இருந்தது. துணி போட்டுக்கொண்டதும் அந்தச் சிரிப்புக்கு வேறொரு காரணம் வந்துவிட்டது போலிருந்தது.

“என்ன இது?” என்றேன்.

“கல்யாணமான புதுசுல கட்டிலுக்கு அடியில அந்தப் பெட்டியப் பாத்துட்டேன் அண்ணா. அழுகையா வந்துச்சு. உங்ககிட்ட வந்து சொல்லலாம்னு கூட நினைச்சேன். நீங்க வந்து அவர வெட்டிப் போட்டுடுவீங்க.”

“பேசியிருப்பேன். வெட்டியிருக்க மாட்டேன்.”

“நீங்க பேசறதும் அதுவும் ஒண்ணுதான்” என்றாள் என் மனைவி.

“கோவத்துல பேனாவ எடுத்து நடுப்பக்கத்துக்காரிக்கு ஒரு கோட்டு போட்டேன். நல்லா அழுத்திப் போட்டேன். அவர் சாயங்காலம் வந்து பிரிச்சுப் பாத்தாரு. சண்டைக்கு வருவாருன்னு நான் இடுப்புல கை வச்சு நிக்கறேன். அவர் கட்டில்ல உக்காந்து சிரிக்க ஆரம்பிச்சாரு. கண்ணுல தண்ணி வந்து, விக்கல் வந்து, நான்தான் முதுகுல தட்டினேன். அடுத்த வாரம் இன்னொரு புத்தகம் வாங்கிட்டு வந்து என் மடியில வச்சாரு. ‘இந்தப் பொண்ணுக்கும் குளிருதாம்’னாரு.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை. தேநீர் ஆவி என்று நினைக்கிறேன்.

“அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. ஞாயித்துக்கிழமை நான் வரைவேன், அவர் பக்கத்துல உக்காந்து மை ஊத்துவாரு. ‘ரொம்ப இறுக்காத, அவ மூச்சு விடவேண்டாமா’ம்பாரு. புதுப் புத்தகம் பளபளன்னு இருக்கும், மை நிக்காது, வழிஞ்சிடும். பழசுதான் சொரசொரன்னு மைய உறிஞ்சும். அதுக்குத்தான் அவர் கடை கடையா அலைஞ்சது. நான் இன்னும் பேனா வைக்காத சுத்தமான புத்தகங்கதான் இப்ப வித்தது.”

அந்த மனிதர் எதைத் தேடி அலைந்தார் என்று அன்றுதான் தெரிந்தது. மை நிற்கிற தாளைத் தேடியிருக்கிறார்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“உனக்குத் தெரியுமா?”

“நான் போட்டுக்கற சாம்பல் கலர் கோட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு நினைச்சீங்க? உங்க நண்பர் வீட்டு விசேஷத்துல எல்லார் முன்னாடியும் ‘பெண்கள் உடைன்னா இப்படி கௌரவமா இருக்கணும்’னு சொன்னீங்களே, அந்தக் கோட்டு. அது அந்த ஏணிக்காரிக்குப் பக்கத்து இதழ்ல இருக்கு. வேணும்னா காட்டறேன்.”

“வேண்டாம்” என்றேன்.

கையிலிருந்த இதழை அடுக்கின்மேல் வைத்தேன். பிறகு என் தீர்ப்பைச் சொன்னேன். என் நிபந்தனை ஆடையில்லாத பெண்களைப் பற்றியது. இவர்கள் ஆடை உடுத்தியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிற சில விருந்தாளிகளைவிட நன்றாகவே உடுத்தியிருக்கிறார்கள். ஆகவே வரலாம்.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கை எழுந்து, அடுக்கை எடுத்துப் பெட்டியில் வைக்கப் போனாள். வைத்தவள் பெட்டிக்குள் கை விட்டுத் தேடினாள். மறுபடி தேடினாள்.

“ஒட்டி வச்சது ஒண்ணு இருந்துச்சே.”

நான் சொன்னேன். கடைக்காரர் எடுத்துப் போனதையும், தாராளமாக என்று நானே சொன்னதையும்.

“அதுதான் முதல்ல போட்டது” என்றாள். “யார் கையும் படக் கூடாதுன்னு அவர்தான் ஒட்டி வச்சாரு.” பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். “போனா போகட்டும் அண்ணா. அதையே தலைமேல தூக்கி வச்சுக்க முடியுமா.”

வண்டி வருகிற நாள் நெருங்கியது. என் மனைவி தினமும் சாமான் கட்ட உதவிக்குப் போய்வந்தாள். ஒரு நாள் திரும்பி வந்தவள், கோட்டைக் கழற்றாமலேயே என் எதிரில் உட்கார்ந்தாள்.

“அவ வரமாட்டா போலிருக்குங்க. பாத்திரத்தக் கட்டறா, பிரிக்கறா. வீட்டுச் சொந்தக்காரர்கிட்ட இன்னும் ஆறு மாசம் இருந்துக்கட்டுமான்னு கேட்டிருக்கா. அந்தப் பெட்டிய மட்டும் பூட்டவே மாட்டேங்கறா. அது முழுசா இல்லாம அந்த வீட்ட விட்டுக் கிளம்ப அவளுக்கு மனசு வரல.”

“அவள் ஏன் என்னிடம் கேட்கவில்லை?”

“உங்கள அந்தக் கடைக்குப் போகச் சொல்ல அவளுக்கு வாய் வருமா?”

மறுநாள் காலை நான் போனேன்.

இங்கே என் கோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் அணிவது கழுத்து வரை பட்டன் வைத்த கறுப்புக் கோட்டு. தங்கை கல்யாணத்துக்கு முன்பு, தையல் கற்றுக்கொண்ட புதிதில், யார் உதவியும் இல்லாமல் முழுதாகத் தைத்த முதல் கோட்டு அது. துணி இன்றைக்கும் கெட்டியாக இருக்கிறது. மேலிருந்து மூன்றாவது பட்டன் மட்டும் இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு நூல் கீழே இறங்கியிருக்கும். அதனால் அங்கே மார்பில் சிறு மடிப்பு விழும். முதல் நாள் கண்ணாடியில் பார்த்தபோதே கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மாற்றித் தைக்கக் கொடுக்கவும் இல்லை. அவளுக்குத் தெரிந்தால் பிரித்துவிடுவாள். அது அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

கடை சந்தைத் தெருவில், நாற்சந்தியைப் பார்த்தபடி இருந்தது. வாசலில் பள்ளிப் பாடப் புத்தகங்கள், உள்ளே மற்றவை. கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“நானே வரணும்னு இருந்தேன் ஐயா. அந்த ஒட்டி வச்சது ஏமாத்திடுச்சு. அதுலயும் பேனா. எனக்கு உதவாது.”

மேசை இழுப்பறையிலிருந்து அதை எடுத்து, என் முன்னால் நடுப்பக்கத்தை விரித்தார்.

நான் இந்தத் தடவை கடிகாரத்தைத் தேடவில்லை. சோபாவில் சாய்ந்திருந்த அந்தப் பெண் கழுத்து வரை பட்டன் போட்ட கறுப்புக் கோட்டு அணிந்திருந்தாள். தாள் கிழியும்படி அழுத்தி அழுத்திப் போட்ட மை. இடது பக்கம் மேல் பை, பையில் நான் வைப்பது போலவே மூடி வெளியே தெரிகிற பேனா. பட்டன்கள் வரிசையாக இறங்கின. மேலிருந்து மூன்றாவது ஒரு நூல் கீழே இருந்தது. அந்த இடத்தில் ஒரு சிறிய மடிப்பையும் போட்டிருந்தாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்தோ தெரிந்திருக்கிறது. அவளும் சொல்லவில்லை.

புது வீட்டில், அழுகையும் ஆத்திரமுமாக, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் மானத்தை மறைக்க அவளுக்கு அவசரமாகக் கிடைத்த உடை அதுதான்.

கடைக்காரர் படத்தைப் பார்த்தார். என் மார்பைப் பார்த்தார். மூன்றாவது பட்டனில் அவர் கண் கொஞ்சம் நின்றது. பக்கங்களை எண்ணுகிறபோது இருந்த அதே முகம். ஒன்றும் கேட்கவில்லை. நாணயமான வியாபாரி.

“மதிப்பில்லாத சரக்கு ஐயா. சும்மாவே எடுத்துட்டுப் போங்க.”

“மதிப்பில்லாததை நான் வாங்குவதில்லை” என்றேன். “விலை சொல்லுங்கள்.”

அவர் யோசித்து ஒரு விலை சொன்னார். முதல் வருஷத்து இதழ், பழுதில்லாதது, அதற்கு என்ன விலையோ அந்த விலை. கொடுத்தேன். மேலட்டையில் இருந்தவள் நீச்சலுடையில் இருந்தாள். அவளைத் தங்கை விட்டுவிட்டாள் போலிருக்கிறது. கடைக்காரர் செய்தித்தாள் ஒன்றைப் பிரித்துச் சுற்றிக் கொடுக்க வந்தார். வேண்டாம் என்றேன்.

தலைமை எழுத்தர் அப்போது எதிர்ப்புறம் ரொட்டிக் கடையில் நின்றிருந்தார். நான் முகத்தை மூடிக்கொண்டு அந்தக் கடைக்குள் நுழைந்ததாகவும், வாங்கியதைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு சந்துவழியாக ஓடியதாகவும் அவர் சொல்லி வருகிறார். அது தவறு. நான் தொப்பி கூட அணிந்திருக்கவில்லை. என் கோட்டில் உள்பை கிடையாது; தைத்தவளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், இப்போது என் வீட்டுக் கீழறையில்தான் இருக்கிறாள். எல்லாப் பட்டனும் போட்டபடி, புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சந்தைத் தெரு வழியாகத்தான் நடந்து போனேன்.