எட்டும் எட்டும் பதினாறு

என் தம்பி ஒரு முந்திரிக்கொட்டை. இதை அவன் முகத்துக்கு நேராகவே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். சிரிப்பான். ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை, கழுத்தில் எப்போதும் அடையாள அட்டை. அதனால் கம்ப்யூட்டர் என்று பெயர் இருக்கிற எதையும் திறந்து உள்ளே கைவிடத் தனக்கு உரிமை இருப்பதாக நினைப்பு. இப்போது அவன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. நானும் கூப்பிடுவதில்லை.

என் கணவர் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் கூறுகிறவர். கூறியவர் என்றுதான் இனிமேல் சொல்ல வேண்டும், எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. விடியற்காலையில் லாரி வந்து நின்றதும் மூட்டை மேல் ஏறி நின்று குரல் கொடுத்தாரென்றால், கூட்டத்தின் கடைக்கோடியில் டீ குடித்துக்கொண்டிருப்பவன்கூடக் கையைத் தூக்கிவிடுவான். வீட்டிலும் அதே தொண்டைதான். அவர் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வருவாள். "மெதுவாப் பேசுங்க, எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு" என்று கல்யாணமான நாளிலிருந்து நானும் கத்திக்கொண்டிருந்தேன்.

போன வருடம் தொண்டை கரகரத்தது. ஏலத்தொண்டைதானே என்று விட்டுவிட்டோம். டாக்டர் விடவில்லை. குரல்வளையில் புற்றாம். அதை முழுதாக எடுத்தால்தான் உயிர் நிற்கும், எடுத்தால் பேச்சு போய்விடும், கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு என்றார். ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் இவர் என்னைப் பார்த்து, "இனிமே வீட்டுல உன் ராஜ்யம்தான்" என்றார். அடப்பாவி மனுஷா, அதிலும் ஒரு கிண்டல்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் இருந்தாள். அவள்தான் வழி சொன்னாள். சில நூறு வாக்கியங்களை இவர் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். ஒரு சாஃப்ட்வேர் அதிலிருந்து இவருடைய குரலையே உண்டாக்கும். பிறகு இவர் டைப் அடித்தால் போதும், கம்ப்யூட்டர் இவர் குரலில் பேசும்.

"ஆனா எல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாடியே முடிச்சாகணும்மா. இப்ப விட்டா விட்டதுதான்" என்றாள்.

"போன்ல இவர் பேசினது இருக்கே, அது போதாதா?" என்று கேட்டேன். போனை வாங்கிப் போட்டுக் கேட்டுப் பார்த்தாள். இருந்ததெல்லாம் மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே "வரேன்", "வை", "எங்க இருக்க" மட்டும்தான். அது உதவாது என்றாள்.

எங்கள் வீட்டில் இருந்தது, அச்சகத்துக்கு நான் டைப் அடித்துக் கொடுக்கிற பழைய கம்ப்யூட்டர். சாஃப்ட்வேரைப் போட்டதும், மெமரி பதினாறு ஜிபி வேண்டும், இதில் எட்டுதான் இருக்கிறது என்று நின்றுவிட்டது. தம்பி பெட்டியைத் திறந்து பார்த்தான். மெமரி அட்டைக்கு ரேம் என்று பெயராம், எட்டு ஜிபியில் ஒன்று சொருகியிருந்தது. பக்கத்து ஸ்லாட் காலி. "இன்னொரு எட்டு வாங்கிப் போட்டா முடிஞ்சுது. எட்டும் எட்டும் பதினாறு" என்றான்.

மூன்று பேருமே கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கல்லாவில் இருந்த பெண் சிடுமூஞ்சி. தம்பி போனில் காட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இந்த ரேம் ஸ்பீடு கம்மி. இதே மாதிரி இப்ப வர்றதில்ல. பழசைக் கழட்டிட்டு, ஒரே பெட்டியில வர்ற ஜோடியா ரெண்டு போட்டுடுங்க. அதுதான் வம்பில்லாதது. ஆர்டர் போட்டா அடுத்த வாரம் வரும்."

"அடுத்த வாரம் நான் ஆஸ்பத்திரியில படுத்திருப்பேன்மா" என்றார் இவர்.

அவள் முகம் கொஞ்சம் இறங்கியது. உள்ளே போய் ஒரு ரேமை எடுத்து வந்தாள். "இது உட்காரும். தலைமுறை ஒண்ணுதான், வோல்டேஜும் ஒண்ணுதான். ஆனா இதோட ஸ்பீடு ஜாஸ்தி. ரெண்டையும் போட்டா, பழசோட ஸ்பீடுலதான் ரெண்டும் ஓடும். அதை அப்படியே விட்டுடுங்க, ஏத்தாதீங்க. போட்டதும் ஒரு ராத்திரி மெமரி டெஸ்ட் ஓட்டிப் பாருங்க. ஒரே ஒரு தப்பு வந்தாலும் திருப்பிக் கொண்டாந்துடுங்க" என்றாள்.

"தெரியும், தெரியும்" என்றான் என் தம்பி.

ரேமைச் சொருகினான். திரையில் பதினாறு என்று வந்தது. இவர் அந்தக் கரகரத்த தொண்டையிலேயே "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று மேசையைத் தட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். முந்திரிக்கொட்டைக்கு முடியுமா?

"மாமா, புது ரேம் என்னமா ஓடும் தெரியுமா? பழசுக்காக இது நொண்டுது" என்று கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டு, அது கிளம்பும்போது ஒரு பட்டனை அழுத்தி உள்ளே எங்கேயோ போய் ஸ்பீடை ஏற்றினான். இரண்டும் இப்போது புதிய ரேமின் ஸ்பீடில் ஓடின.

"டேய், அந்தப் பொண்ணு ஏத்தாதன்னு சொன்னாளே. டெஸ்ட்டும் பண்ணச் சொன்னாளே?"

"ரேம் சேரலைன்னா திரையே வராதுக்கா. இங்க பாரு, எல்லாம் ஜம்முனு ஓடுது. கடைக்காரங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க."

இவரும், "ஓடுதுல்ல, விடு. அவனுக்குத் தெரியாததா?" என்றார். பெரிய படிப்பு படித்தவன், என் கூடப்பிறந்தவன். நம்பினேன்.

மறுநாளிலிருந்து பதிவு. காலையில்தான் இவருக்குக் குரல் கொஞ்சம் தெளிவாக வரும். படுக்கையறை ஜன்னல்களில் போர்வை தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வேர்வை வழிய உட்கார்ந்து வாசித்தார். நான் வாசலில் காவல். கீழ் வீட்டுக்காரர் சுவரில் துளை போட ஆரம்பித்தபோது நான் போய்க் கத்தின கத்தலில், மனிதர் மெஷினோடு மொட்டை மாடிக்கு ஓடிவிட்டார். வாக்கியங்களும் ஒரு தினுசு. "மேசை மீது மூன்று பூனைகள் உறங்குகின்றன." இவர் அதையும் ஏலம் விடுகிற மாதிரி வாசிப்பார். "ஏங்க, பூனையை யாரும் வாங்க வரலை, சாதாரணமாப் படிங்க" என்பேன். சிரித்தால் இருமல் வரும், இருமினால் ரத்தம் வரும். துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒருநாள் கூட அலுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் வாசிப்புக்கு நடுவில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி வந்தது. இன்னொரு நாள் சாஃப்ட்வேர் பட்டென்று மூடிக்கொண்டது. தம்பியிடம் போனில் சொன்னேன். "ஏதாவது அப்டேட்டா இருக்கும்க்கா" என்றான். பதிவுகளில் சிலதைப் போட்டுக் கேட்டோம். நன்றாகத்தான் இருந்தன. கடைசி வாக்கியம் முடிந்த அன்று அவனே வந்தான். டிஸ்க்கில் இடமில்லை என்று எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாகச் சுருக்கிக் கட்டினான். கட்டி முடிந்ததும் மூலப் பதிவுகளை அழித்தான். கட்டியதை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டு அழித்திருக்கக் கூடாதா? என்ன அவசரம் உனக்கு?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது, "அழாம போய் ஏதாவது சாப்பிடு" என்றார். அவர் கடைசியாகப் பேசியது அதுதான். நான் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குரலை உண்டாக்க உட்கார்ந்தான் தம்பி. கோப்பு பிரியவில்லை. பழுதடைந்திருக்கிறது என்று திரும்பத் திரும்ப ஒரே செய்தி. அவன் முகத்தில் ஈயாடவில்லை. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கே ஓடினோம். கடைப்பெண் டெஸ்ட்டை ஓட விட்டாள். கொஞ்ச நேரத்திலேயே திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ஒவ்வொரு ரேமையும் தனியாகப் போட்டு, ஸ்பீடை இறக்கி மறுபடி ஓட்டினாள். ஒரு தப்பும் இல்லை.

"ரெண்டும் நல்ல ரேம்தான். பழசால அந்த ஸ்பீடுக்கு ஈடு குடுக்க முடியலை. டிஸ்க்குல எழுதற எதுவும் முதல்ல இது வழியாத்தான் போகும். இங்க மாறிட்டா, மாறினதுதான் பதியும். தப்பா எழுதறோம்னு கம்ப்யூட்டருக்கே தெரியாது" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்து, "சொன்னேனே சார்" என்றாள். அழித்ததை மீட்கிற ஆளிடமும் போனோம். அரை அரை வாக்கியமும் கரகர சத்தமும்தான் வந்தன. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று ஆஸ்பத்திரிப் பெண் கையை விரித்துவிட்டாள்.

அவள்தான் சாஃப்ட்வேரிலேயே இருக்கும் ஒரு குரலைப் போட்டுக் கொடுத்தாள். அதற்கு 'ஆண் 2' என்று பெயர். செய்தி வாசிக்கிறவன் மாதிரி, இஸ்திரி போட்ட குரல். இவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி "தண்ணி" என்று அடித்தால், அவன் ஏதோ அறிவிப்புச் செய்வது போல் "தண்ணி" என்பான். என் வீட்டில், என் கட்டிலுக்குப் பக்கத்தில், யாரோ ஒருவன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். உள்ளே வரத் தைரியமில்லாமல் வாசலிலேயே நின்றான். இவர் அவனைப் பார்த்துவிட்டுத் தட்டினார். "உள்ள வா மாப்ள. நீ வேணும்னா செஞ்ச?" என்றது ஆண் 2. தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதான். இவரால் மன்னிக்க முடிந்தது. என்னால் முடியவில்லை. "போடா, என் கண்ணு முன்னாடி நிக்காத" என்றேன். போய்விட்டான்.

நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன். அப்போது அறையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"அழாத. நான் இருக்கேன்ல."

"வாய மூடுடா!" என்று அலறினேன்.

அலறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எழுந்து ஓடினேன். இவர் விரலை இன்னும் கீபோர்டு மேலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டு ஸ்விட்சை அணைத்தார்.

"உங்கள இல்லங்க. அவனைத்தான் சொன்னேன், அந்தக் குரலைத்தான் சொன்னேன்" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். ஸ்விட்சை நானே மறுபடி போட்டேன். "ஏதாவது சொல்லுங்க, திட்டவாவது செய்யுங்க" என்று கெஞ்சினேன். அவர் என் கையை விலக்கி மறுபடி அணைத்தார். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது.