மூன்றாவது ரெகுலேட்டர்

இரண்டு மாதத்தில் இது மூன்றாவது ரெகுலேட்டர். அடுத்தவன் வண்டியாக இருந்தால், "என்ன சார், வண்டிய வச்சிருக்கீங்களா, வதைக்கிறீங்களா" என்று நானே எகிறியிருப்பேன். இது என் வண்டி. நான் மெக்கானிக். யாரிடம் போய் எகிறுவது?

ரெகுலேட்டர் ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. உள்ளங்கை அளவு அலுமினியக் கட்டி. முதுகில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் தகடுகள். இன்ஜின் ஓடும்போது உண்டாகிற கரண்டில் பேட்டரிக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சூடாக்கி வெளியே தள்ளும். அந்தச் சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போக வேண்டும். போகாவிட்டால் உள்ளேயே வெந்து சாகும். அது செத்தால் பேட்டரிக்குச் சார்ஜ் இல்லை. வண்டி நடுரோட்டில் நிற்கும். அப்படி இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவையும் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"ஊர்ல இருக்கிற வண்டிய எல்லாம் ஓட வைக்கிற. உன் வண்டி மட்டும் தள்ளுவண்டி," என்றாள். அவளை உட்கார வைத்தே நான் தள்ளிக்கொண்டு போனேன். இறங்கி நடக்கிற கால் இல்லை அவளுக்கு.

அக்காவுக்குச் சர்க்கரை. இரண்டு காலிலும் கணுக்காலுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. போன வருடம் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தபோது, என் பட்டறைத் தரையில் கிடந்த ஒரு திருகாணி அவள் வலது செருப்புக்குள் போய்விட்டது. நாள் முழுக்க அதன்மேலேயே நடந்திருக்கிறாள், தெரியவில்லை. கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்கள். அது என் திருகாணி என்று யாரும் என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. செவ்வாயும் வெள்ளியும் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ் படிக்குக் காலைத் தூக்க முடியாது. காரோ ஆட்டோவோ எங்கள் தெருவுக்குள் திரும்பாது. அதனால் நானும் என் வண்டியும்தான். "இடது கால கண்ணு மாதிரி பாத்துக்குங்க. அதுலயும் புண்ணு வந்தா, அப்புறம் எங்க கையில ஒண்ணும் இல்ல," என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் அத்தான் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அவள் இடது காலின் அடி, குதி, விரலிடுக்கு எல்லாவற்றையும் பார்ப்பார். பார்த்து முடித்துவிட்டுத்தான் காபி.

அத்தான் புத்தகங்களுக்கு பைண்டிங் செய்கிறவர். எதைக் கண்டாலும் அட்டை போட்டுவிடுவார். டிவி ரிமோட்டுக்கு ரெக்சின் உறை போட்டு, பட்டன் தெரியாமல் ஒரு வாரம் ஒரே சேனல் பார்த்தோம். மூன்று மாதம் முன்பு ரோட்டில் ஒரு கல் தெறித்து அக்காவின் கால்கட்டின்மேல் பட்டது. மறுநாளே அத்தான் என் வண்டிக்கு ஒரு கால்பலகை செய்து கொண்டு வந்தார். அக்கா ஒருபக்கமாக உட்கார்ந்து இரண்டு காலையும் அகலமாக வைத்துக்கொள்ள ஒட்டுப்பலகை. முன்பக்கம் கல் படாமல் ஒரு தடுப்பு. எல்லாவற்றுக்கும் ஸ்பான்ஞ் வைத்து ரெக்சின். கோணலே இல்லாத வேலை. நான் போல்ட் போட்டு முடுக்கினேன்.

இரண்டாவது ரெகுலேட்டரும் வெந்தபோது, மூன்றாவதை மாட்டிவிட்டு, கொஞ்சமாவது காற்று படட்டும் என்று அதை மூடியிருந்த பக்கத் தகட்டைக் கழற்றி பட்டறையில் ஒரு மூலையில் போட்டேன்.

அந்த வாரம்தான் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "டேய், எடது கால்ல லேசா சூடு தெரியுதுடா. குதிகிட்ட. இதமா இருக்கு."

அத்தான் என்னைப் பார்த்தார், நான் அத்தானைப் பார்த்தேன். எட்டு வருடமாகச் செத்துக் கிடந்த கால். அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடி, அரைக் கிலோ ஸ்வீட்டோடு திரும்பி வந்தார். அதைப் பிரித்த பிறகுதான் அவள் அதைத் தின்னக்கூடாது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. மூன்று பேரும் சிரித்தோம். நானும் அத்தானும் அதைத் தின்று தீர்த்தோம், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரில சொல்லாதீங்க. முழுசா வரட்டும். இப்பவே சொன்னா கண்ணு பட்டுடும்," என்றாள். சொல்லவில்லை. அங்கே வலது காலின் கட்டை மட்டும்தான் அவிழ்ப்பார்கள். கைக்கண்ணாடி ஜன்னல் ஆணிக்குப் போனது. அத்தான் அதில் முகம் பார்த்துச் சவரம் செய்ய ஆரம்பித்தார். "இனிமே ஏதாவது குத்துச்சுன்னா அவளே சொல்லிடுவா," என்றார். வீட்டில் ரேடியோ பாடத் தொடங்கியது.

மூன்று வாரம் போயிற்று. ரெகுலேட்டர் சாகவில்லை, ஆனால் சாகப்போகிறது. ஆஸ்பத்திரிக்குப் போய் நிறுத்தியதும் தொட்டுப் பார்த்தால் விரல் வைக்க முடியவில்லை. எச்சிலைத் தொட்டு வைத்தால் சீறியது.

வியாழக்கிழமை பட்டறையைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தேன். பேட்டரியில் மீட்டர் வைத்தேன், பதினாலு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே, கச்சிதம். காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எங்கும் எர்த் அடிக்கவில்லை. எர்த் ஒயர் உட்கார்கிற இடத்தைப் பளபளவென்று சுரண்டினேன். சாக்கெட்டைப் புதிதாகப் போட்டேன். ஓட்டிவிட்டு வந்து தொட்டேன். அதே கொதிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பேனரைச் சுவரில் எறிந்தேன். இருபது வருடமாகப் பார்க்கிற வேலை, ஒரு உள்ளங்கைக் கட்டி என்னை முட்டாளாக்கியது.

அப்போது அத்தான் வந்தார். "எல்லாத்தையும் கழட்டு, அந்தப் பலகைய மட்டும் கழட்டாத," என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் நான் அந்தப் பலகையைப் பார்த்தேன். வண்டியோடு வந்த சாமானையெல்லாம் சந்தேகப்பட்டேன். வீட்டிலிருந்து வந்ததைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. கல் படாமல் காலைக் காக்கிற அந்தத் தடுப்பு, சரியாக ரெகுலேட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, வருகிற காற்றையெல்லாம் மறித்தது. பலகையைக் கழற்றி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து தொட்டேன். வெதுவெதுப்புதான்.

"நான் செஞ்சதுனாலயா?" என்றார் அத்தான். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"உங்க பலகை தங்கம் அத்தான். ரெகுலேட்டர வச்ச இடம்தான் தப்பு. அத வேற இடத்துக்கு மாத்திடுறேன்," என்றேன். ஒயரை நீட்டி, ஹெட்லைட்டுக்குக் கீழே, காற்று நேராக அடிக்கிற இடத்தில் அதை மாட்டினேன். பலகையைத் திரும்பப் பூட்டினேன். மூலையில் கிடந்த பக்கத் தகட்டையும் துடைத்து மாட்டினேன். அத்தான் கிளம்பும்போது என் முதுகில் தட்டினார். எனக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வண்டி பூ மாதிரி போயிற்று. பாதி வழி வந்தாயிற்று.

"ஏண்டா," என்றாள் அக்கா.

"என்னக்கா?"

"இன்னைக்கு ஒண்ணுமே தெரியல."

"என்ன தெரியணும்? சத்தமே இல்லாம போகுதுல்ல."

"வண்டிய சொல்லல. கால். ஏறி உக்காந்து கொஞ்ச நேரத்துல இதமா வரும். இன்னைக்கு வரவே இல்ல."

"வீட்ல இருக்கும்போது வருமா?"

"வீட்ல ஏது? உன் வண்டில வரும்போதுதான் வரும். அதான் நல்லா குதிய அழுத்தி வச்சுப்பேன்."

அவள் இதைச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

நான் ஒரு பூட்டிய கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஸ்டாண்ட் போட்டேன். அவளை இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கீழே மண்டியிட்டு உட்கார்ந்தேன். ஒருபக்கமாக உட்கார்கிறவளுக்கு இரண்டு குதியும் வண்டிப் பக்கம்தான் இருக்கும். இடது குதிக்குப் பின்னால் நேற்று நான் பூட்டிய பக்கத் தகடு. நேற்று வரைக்கும் அங்கே தகடு இல்லை. நான்தான் கழற்றி வைத்திருந்தேன்.

சாக்ஸைப் பிடித்து இழுத்தேன். பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வரவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நனைத்து, மெதுவாக உரித்தேன். குதியின் பின்னால் தோல் கறுத்து, நடுவில் ஈரமாக இருந்தது. கறுப்பு ஒரே திட்டாக இல்லை. வரிவரியாக இருந்தது, ஒரே இடைவெளியில், சீப்புப் பல் மாதிரி. எண்ணினேன், ஆறு. அந்தக் கட்டியின் முதுகில் எத்தனை தகடு என்று எனக்கு எண்ண வேண்டிய அவசியம் இல்லை.

டாக்டர் சொன்னது காதில் அப்படியே கேட்டது. அந்தப் பக்கத் தகட்டைக் கழற்றாமல் விட்டிருந்தால், இன்னும் பத்து ரெகுலேட்டர் வெந்திருக்கும், அவ்வளவுதான்.

"என்னடா, தூசியா?" என்றாள் மேலிருந்து. அவளுக்குக் குனிந்து பார்க்க முடியாது. என் தலையில் கை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா. பாக்குறேன்."

"நேத்து வண்டில நீ என்னமோ மாத்துனதா உங்க அத்தான் சொன்னாரு."

"ஆமா."

"அத பழையபடி வச்சுடேன். நாலு தடவ நின்னாலும் பரவால்ல."

அந்த வரிகளின்மேல் விரலை வைத்து, முதலில் லேசாக, பிறகு கொஞ்சம் அழுத்தி, அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். கத்த மாட்டாளா, காலை உதற மாட்டாளா என்று பார்த்தேன்.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ தொட்டுப் பாரேன்டா," என்றாள். "ஒருவேளை தெரியுதான்னு சொல்றேன்."