உப்பு முடிச்சு

அந்த வருஷங்களில் பினாங்கில் கோர்ட்டில் வழக்கு உள்ளவன் வக்கீலைப் பார்க்கிறானோ இல்லையோ, காஜா மொய்தீனைத் தேடி வந்துவிடுவான். தோளில் மூங்கில் தடி, அதன் ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் ஆணச் சட்டிகள் என்று தெருத்தெருவாகச் சோறு விற்கிறவன் காஜா. குழம்பை அவர்கள் ஆணம் என்றுதான் சொல்வார்கள். வருகிறவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "அண்ணே, உப்பில்லாத மீனாணம் இருக்கா?" என்று ரகசியமாகக் கேட்பான். ஏதோ சீக்காளிக்கு வாங்குகிறான் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாரும் கல்லைத் தின்றாலும் செரிக்கிற ஆட்கள்தான். உப்பில்லாத அந்த மீனாணம் தூக்குக் கயிற்றையே அறுத்துவிட்டது என்று ஊர் நம்பியது.

காஜாவுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. சட்டி காலியானால் போதும். சங்கடமெல்லாம் சமைத்துப் போடுகிற அவன் அக்காவுக்கு. ஹபீபா பீவிக்குக் கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. புருஷன் மௌத்தான பிறகு தம்பிக்குச் சமைத்துக் கொடுத்துத்தான் காலம் போகிறது. உப்பு, புளி, காரம் மூன்றும் அவள் கைக்குச் சொன்னபடி கேட்கும். அப்பேர்ப்பட்டவள் உப்பில்லாத ஆணத்துக்குப் பேர் வாங்கினால், அந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்வாள்?

நடந்தது இதுதான். ஜெயில் ரோட்டுச் சிறையில் ஜெயராஜ் என்று ஒரு வார்டர். காஜாவிடம் அன்றாடம் சாப்பிடுகிறவர். சிறை அதிகாரியாக அப்போதிருந்த வெள்ளைக்காரத் துவானுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. தூக்குக்குப் போகிறவனை முந்தின நாள் கூப்பிட்டு, என்ன சாப்பிட ஆசை என்று கேட்பார். தொங்கான் என்கிற சரக்குப் படகில் வேலை பார்த்த நூர் முகம்மதுக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அது நோன்பு மாதம். நோன்பு திறந்ததும் வெண்டைக்காய் போட்ட மீனாணமும் சோறும் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். ஜெயராஜ் நேரே ஹபீபாவிடம் வந்து சொன்னார்.

நோன்பு மாதத்தில் ஹபீபா சமைக்கிற ஆணத்துக்கு நாக்கு அடுத்த வீட்டுத் தனலெட்சுமியுடையது. நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஹபீபா அதற்கு ஒப்பமாட்டாள். சுவரைத் தட்டினால் தனலெட்சுமி ஈரக் கையோடு வருவாள், உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு கல்லு போடுங்க அக்கா" என்பாள். அன்றைக்கென்று அவள் படகேறிப் பாகான் டாலாமில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சாகப் போகிறவனுக்குச் சமைக்கிறோமே என்ற பதற்றத்தில் ஹபீபாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உப்புப் போட்டாயிற்று என்றே நினைத்துக்கொண்டு சட்டியைக் கட்டி அனுப்பிவிட்டாள்.

மிச்சமிருந்த ஆணத்தை மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு தன் சோற்றில் ஊற்றி ஒரு வாய் வைத்தபோதுதான் தெரிந்தது. அப்படியே தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு மனுஷன் இந்த உலகத்தில் தின்கிற கடைசிச் சோற்றையா சப்பென்று கொடுத்தோம்? "யா அல்லாஹ், அவனுக்கு இன்னொரு வேளைச் சோறு கொடு. அதை உப்போட கொடு" என்று அழுது துஆக் கேட்டாள்.

விடிவதற்குள், அவன் போட்டிருந்த கருணை மனுவுக்குப் பதிலாக, சிங்கப்பூரிலிருக்கும் கவர்னரின் தந்தி வந்துவிட்டது. தூக்கு இல்லை, ஆயுள் தண்டனை. நூர் முகம்மதைச் சிங்கப்பூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். கப்பலேறுமுன் அவன், "உப்புப் போட மறந்த அந்த அம்மாவுக்கு சலாம் சொல்லுங்க. அந்தச் சோறுதான் என்னெக் காப்பாத்துச்சு" என்று ஜெயராஜிடம் சொல்லிவிட்டுப் போனான். மீதியை ஊர் பார்த்துக்கொண்டது.

அவன் பிழைத்ததற்கு ஹபீபா தொழுகைதோறும் நன்றி சொன்னாள். ஆனால் சலாம் வந்தது தன் சமையலுக்கு இல்லை, மறதிக்கு என்பது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஒரு மழைக்காலத்துக் காலையில் ஜெயராஜ் மறுபடியும் வாசலில் வந்து நின்றார். குடையை மடக்காமலே நின்றார்.

"நாளைக்கு ஒருத்தனுக்குத் தூக்கு, அக்கா. ராமதாஸ்னு பேரு. கள்ளுக்கடைச் சண்டையில கூட்டாளியெக் குத்திட்டான். அவனே ஒத்துக்கிட்டான். சொந்தம் பந்தம் யாரும் வரலெ."

"என்ன வேணுமாம் தம்பி?"

ஜெயராஜ் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நூர் முகம்மதுக்குக் குடுத்த அதே மீனாணம் வேணுமாம். உப்பில்லாம."

ஹபீபா கேட்டாள்: "மனு போட்டிருக்கானா?"

"போட்டான், தள்ளுபடி ஆயிருச்சு. துவானே நேரா வந்து சொல்லிட்டாரு. அதெக் கேட்டுட்டும் அவன், அந்த அக்கா சோறு வந்தா தந்தி வரும்லான்னு சொல்றான். வராது அக்கா. எனக்குத் தெரியும். அவனுக்குச் சொன்னா ஏறமாட்டேங்குது."

அவர் போன பிறகு வீட்டில் ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்தது.

அக்காவை லாத்தா என்று கூப்பிடுகிற காஜா சொன்னான்: "கேட்டதெக் குடுத்துரு லாத்தா. உப்புப் போட்டு அனுப்பி, நாளைக்கு அவன் செத்தா, நீ உப்புப் போட்டதாலதான் செத்தான்னு ஊரே பேசும்லா."

"உப்பில்லாம அனுப்பி அவன் செத்தா?"

"அப்ப..." என்று இழுத்தான் காஜா. வியாபாரம் படுத்துவிடும் என்பது அப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது. மூங்கிலைத் துடைக்கப் போய்விட்டான்.

ஹபீபா பாறை மீனை மஞ்சள் தடவி வைத்துவிட்டு யோசித்தாள். உப்புப் போட்டால், அவன் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவான். நம்பிக் கேட்டவனை ஏமாற்றியதாகும். இருக்கிற ஒரே பிடிப்பையும் பிடுங்கியதாகும். போடாவிட்டால், வராத தந்திக்காகக் காத்துக்கொண்டு, ருசி தெரியாத சோற்றை மென்றுவிட்டுப் போவான். ஒரு முறை மறந்து செய்தது பாவமில்லை. தெரிந்தே செய்வதை எதில் சேர்ப்பது?

மாலை ஆணம் கொதித்து வந்தபோது சுவரைத் தட்டினாள். நோன்பு மாதமில்லை, அவளே ருசி பார்த்திருக்கலாம். ஆனாலும் தட்டினாள். தனலெட்சுமி வந்து உள்ளங்கையை நீட்டினாள், நக்கினாள், முகத்தைச் சுளித்தாள்.

"புளியும் காரமும் ஜோரா நிக்குது. உப்புதான் இல்லெ."

"அவன் வேணாங்குறான்."

"அவன் வேணாங்குறான். ஆணம் கேக்குதே அக்கா." சொல்லிவிட்டு, சொன்னதற்கு வருந்தியவளைப் போலத் தனலெட்சுமி ஹபீபாவின் தோளைத் தொட்டாள். "பாவம், அவன் மனசு என்ன பாடு படுதோ. அவனே முடிவு பண்ணட்டுமே."

ஹபீபா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தன் பழைய வெள்ளைத் துப்பட்டியின் ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்தாள். அதில் ஒரு கை கல்லுப்பை வைத்து முடிந்து, அடுக்குச் சட்டியில் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். தம்பியிடம் கொடுக்காமல், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தானே சட்டியோடு சிறை வாசலுக்கு நடந்தாள்.

ஜெயராஜ் சட்டிகளைத் திறந்து பார்த்தார். முடிச்சையும் அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டினார்.

"தம்பி, அவன்ட்ட இப்படிச் சொல்லுங்க. நீ கேட்டபடி உப்பில்லாமத்தான் ஆக்கியிருக்கேன். உப்பு தனியா இருக்கு. போட்டுக்கிட்டாலும் சரி, போடாட்டியும் சரி. அக்காவுக்கு உன் மேல ஒரு வருத்தமும் இல்லென்னு சொல்லுங்க."

வாசலுக்கு எதிரே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. இலையிலிருந்து சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது. யாராவது ஒரு தந்திக்காரன் சைக்கிளில் வந்துவிடமாட்டானா என்று அவளும் ரோட்டையே பார்த்தாள். நம்பிக்கை என்பது ஒட்டுவாரொட்டிதானே. இரண்டு ரிக்ஷாக்களும் ஒரு மாட்டு வண்டியும் போயின. வேறு யாரும் வரவில்லை.

ஜெயராஜ் வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. சட்டியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, சீருடை அழுக்காகுமே என்று பார்க்காமல் அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"மொதல்ல உப்பில்லாமத்தான் பெசைஞ்சான். ரெண்டு வாய் தின்னான். கதவையே பார்த்துக்கிட்டு இருந்தான். அப்புறம் என் மொகத்தப் பார்த்தான். நான் தலையெ ஆட்டினேன், இல்லெப்பான்னு. அப்புறம் முடிச்செ அவுத்தான்."

ஹபீபா முக்காட்டு நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"உப்பெப் போட்டுப் பெசைஞ்சு ஒரு வாய் வச்சான் பாருங்க, அப்படியே மூஞ்சி மாறிப் போச்சு. 'அண்ணே, இத்தனெ ருசியவா நான் வேணான்னேன்'னு சிரிச்சான். வெண்டிக்காயெ ஒவ்வொண்ணா எடுத்துத் தின்னான். முள்ளெக்கூட விடலெ. பயம் போயிருச்சான்னு கேட்டேன். 'பயம் இருக்கு, ஆனா வயிறு நெறஞ்சிருக்கு'ன்னான். அக்காவெக் கும்பிட்டேன்னு சொல்லச் சொன்னான். உங்க கைய நெனெச்சுக்கிட்டே போவானாம்."

ஹபீபாவுக்கு அழுகை பொங்கியது. வெறும் துக்கத்தால் வந்த அழுகை இல்லை அது. பிழைத்துப் போனவன் அவள் மறதிக்குத்தான் சலாம் சொன்னான். பிழைக்காத இவனோ, யாரும் கூட இல்லாத இவன், அவள் சமையலை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு அதற்காகக் கும்பிட்டிருக்கிறான். இவனுக்கு எப்படி நன்றி சொல்வது? யாரிடம் சொல்லி அனுப்புவது?

"இன்னொண்ணு" என்று ஜெயராஜ் மேல்தட்டைத் திறந்தார். மூலையில் அந்தத் துணி முடிச்சு கட்டினபடியே இருந்தது. ஹபீபா கையில் எடுத்தாள். காலியாக இல்லை. பாதி உப்பு உள்ளே இருந்தது.

"பத்தலென்னா எல்லாத்தையும் போட்டுக்கடான்னேன். வேணாம்னுட்டான். 'அக்கா எனக்காக ஆக்குன ஆணம் வீட்டுச் சட்டியிலயும் உப்பில்லாமத்தானே இருக்கும். இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க. இத அவுங்ககிட்ட குடுத்துருங்க'ன்னான்."

உண்மைதான். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடவில்லை. அது கூடப்பிறந்த தம்பிக்குத் தோன்றவில்லை, பக்கத்து வீட்டுக்குத் தோன்றவில்லை, அவளுக்கே தோன்றவில்லை. நாளைக்குச் சாகப் போகிறவனுக்குத் தோன்றியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் காஜா ஓடி வந்து, வழக்குக்காரன் ஒருவன் உப்பில்லாத ஆணம் கேட்டு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். "இனி இந்த வீட்டுல அது கெடையாது. போகச் சொல்லு" என்றாள் ஹபீபா. காஜா லாத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வந்தவனை அனுப்பி வைக்கப் போனான்.

அவள் கை கழுவி, பிஸ்மி சொல்லி, சட்டியில் இருந்த ஆணத்தைச் சோற்றில் ஊற்றினாள். முடிச்சை அவிழ்த்து ராமதாஸ் மிச்சம் வைத்த உப்பைப் போட்டுப் பிசைந்தாள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.