நேர்ந்துவிட்ட கோழி

தான்சானியாவின் இரிங்கா மலைச் சபையில் ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. கையில் காசில்லாதவர்கள் சோளமோ முட்டையோ கோழியோ படைப்பார்கள். மற்றவர்கள் அதை மரத்தடியில் ஏலம் எடுக்க, பணம் கர்த்தருக்குப் போகும். அன்று ஏடா ம்வினுகாவின் சிவப்புக் கோழியும் வந்திருந்தது. மலேரியாவில் வலிப்பு கண்டு கிடந்த மகள் பிழைத்தால் தருவதாக அவள் நேர்ந்துகொண்ட கோழி.

பக்கத்து வீட்டு கிலாவே ஒரு விலை கேட்டார். அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து வந்திருந்த கூட்டாளிச் சபையின் போதகர் டால்பெர்க் அதைப் போலப் பத்து மடங்கு சொன்னார். கிலாவே ஏலத்திலிருந்து விலகிக்கொண்டார். டால்பெர்க் பணத்தைத் தட்டில் போட்டார், கோழியைத் தூக்கிவந்து ஏடாவின் கையிலேயே வைத்துச் சிரித்தார். பெரிய தர்மப் பிரபு என்ற நினைப்பு.

ஏடாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க இவர் யார்?

"ஐயா, இது எனக்கு வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லுங்க," என்றாள் உள்ளூர்ப் போதகர் கிகோட்டியிடம்.

கிகோட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். வெள்ளைக்காரர் பூரித்துப்போனார்.

"என்ன சொன்னீங்க?"

"நீ நன்றி சொல்றேன்னு சொன்னேன். கம்முனு வாங்கிக்கம்மா. கோயில் கூரைக்குத் தகடு தர்றதே அவங்கதான். அவங்க உப்பைத் தின்னுட்டு எதிர்த்துப் பேசலாமா?"

"தகடு குடுத்தா நம்ம நேர்ச்சையும் அவங்க சொத்தா? எப்பவும் குடுக்கிறது அவங்க, பல்லிளிக்கிறது நாம. இதுக்குப் பேரு கூட்டா?"

கோழியை மறுபடி மேசைமேல் வைத்தாள். "கிலாவே அண்ணே, கேளுங்க."

டால்பெர்க்கின் கை மீண்டும் உயர்ந்தது. ஏடா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"தகடு வராமப் போனா?" என்று பல்லைக் கடித்தார் கிகோட்டி.

"நனைஞ்சுக்கிட்டே கும்பிடுவோம்."

கிலாவே தயங்கியபடி மேசையருகே வந்தார். பிறகு தன் பழைய விலையையே சொன்னார். கோழி அவருக்குப் போனது.

ஏடா தட்டிலிருந்த டால்பெர்க்கின் நோட்டுகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "குடுத்தது திரும்பி வந்தா எப்படி இருக்குன்னு அவரே பாக்கட்டும். ஒரு வார்த்தை குறையாம சொல்லுங்க, ஐயா."

கிகோட்டி அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். டால்பெர்க்கின் முகம் சிவந்துபோனது. அவர் சொன்னதைக் கிகோட்டி தணிந்த குரலில் திருப்பிச் சொன்னார்: "இது கடவுளுக்குக் குடுத்த காசாம். அதைத் திருப்பித் தர நீ யாருன்னு கேக்குறார்."

"நானும் அதைத்தான் கேக்குறேன்," என்றாள் ஏடா.