இரண்டாம் பாகம் என்னிடம்

என் ஓரகத்தியை எனக்குப் பிடிக்காது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அவள் மூத்த மருமகள். அதனால் வீட்டில் "அக்கா" என்று கூப்பிட வேண்டும், அவள் சமைத்து முடித்த பிறகுதான் எனக்கு அடுப்பு. ஆபீஸில் கதை வேறு. அங்கே நான்தான் சீனியர். அவளுக்கு வேலை கிடைத்ததே என் சிபாரிசில். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான். குடைகிறது என்று இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி அது. நாங்கள் இருவரும் புகார்ப் பிரிவில். ஊரின் வடக்குப் பக்கக் கட்டடங்கள் எனக்கு, தெற்கு அவளுக்கு. மெஷின் ரூம் சாவி யாரிடம் இருக்கும், எந்த லிஃப்ட் மழை பெய்தால் மக்கர் பண்ணும் என்பதெல்லாம் அவரவர் தலைக்குள். நான் லீவில் இருந்த ஒரு நாள், என் பக்கத்து ஆஸ்பத்திரி லிஃப்டில் ஒரு டாக்டர் மாட்டிக்கொண்டார். சாவி வாட்ச்மேன் மனைவியிடம் இருக்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஓரகத்தி எனக்குப் போன் பண்ணவில்லை. பண்ணியிருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன். கதவை நெம்பி அவரை வெளியே இழுத்தபோது மனிதர் வியர்வையில் குளித்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் மேனேஜர் மேடம் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டுக் கை நிறையப் புத்தகங்களோடு வந்தார். தெரிந்ததைப் பகிர்வது எப்படி, கூடி வேலை செய்வது எப்படி என்று எல்லாம் ஒரே பல்லவி. பாதிப் புத்தகம் கம்ப்யூட்டர் திரைக்கு முட்டுக்கொடுக்கப் போனது. ஒன்று மட்டும் இரண்டு பாகம்.

"எல்லாரும் சிபாரிசு பண்ணது இதைத்தான்" என்றார் மேடம். "பிரிவுக்கு ஒரு தலைமை போடப் போறேன். இதைப் படிச்சு, நம்ம பிரிவை எப்படி நடத்தலாம்னு யார் நல்லா சொல்றாங்களோ அவங்களுக்கு." முதல் பாகத்தை அவளிடமும் இரண்டாம் பாகத்தை என்னிடமும் கொடுத்தார். "படிச்சிட்டு மாத்திக்கோங்க."

தலைமை என்றால் லீவுக்குக் கையெழுத்து போடுகிறவர். வீட்டில் அடுப்புக்கும் அவளைக் கேட்டு, ஆபீஸில் லீவுக்கும் அவளைக் கேட்பதா? அதற்கு நான் வேலையை விட்டுவிடலாம்.

அவள் முதல் பாகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். நான் இரண்டாம் பாகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"அடியில வெச்சா தலைக்குள்ள ஏறாது" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்க அண்ணிகிட்ட போய்ச் சொல்லுங்க."

எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவில் ஒப்பந்தங்களைப் பார்க்கும் ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பார். யார் என்ன சொன்னாலும் "உம்" என்பார். அதனால் அவருக்கு உம்கொட்டி என்று பெயர். என் ஓரகத்தி அவரிடம் போய், அடிப்படை எல்லாம் முதல் பாகத்தில்தான், இரண்டாவது வெறும் சக்கை என்று அத்தியாயம் அத்தியாயமாக விளக்கியிருக்கிறாள். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காபி மெஷின் பக்கத்தில் அவரை நிறுத்தி, இரண்டாம் பாகம் முழுவதையும் உதாரணத்தோடு ஒப்பித்தேன்.

"இப்ப சொல்லுங்க, எது சக்கை?"

"உம்" என்றார்.

மேடம் பிரிவில் இருந்த எங்கள் மூவரையும் ஒன்றாகவே கூப்பிட்டார். என்னிடம் கேட்டதெல்லாம் முதல் பாகம். அவளிடம் கேட்டதெல்லாம் இரண்டாம் பாகம். நான் விழித்தேன், அவள் விழித்ததைப் பார்த்து ஒரு நிமிடம் மனம் குளிர்ந்தேன்.

"மாத்திக்கலையா?"

"அவங்க தரல மேடம்" என்றோம் இருவரும். நாங்கள் சேர்ந்து பேசியது அது ஒன்றுதான்.

உம்கொட்டி வாயைத் திறந்தார். வடக்கு, தெற்கு என்று பிரிக்காமல் சாவி விவரத்தை எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைக்கலாம் என்று தொடங்கி, இரண்டு பாகத்தையும் சேர்த்து அழகாகச் சொன்னார். என் உதாரணங்கள் எல்லாம் வரிசையாக வந்தன.

"நீங்க எப்போ படிச்சீங்க?" என்றார் மேடம்.

"படிக்கல மேடம். இவங்க ரெண்டு பேரும் சொன்னாங்க."

பதவி அவருக்குப் போயிற்று. எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கும் எரிந்திருக்கும் என்பது மட்டுமே ஆறுதல்.

அடுத்த மாதம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். அத்தைமார் எங்கள் இருவரில் ஒருத்தி வராவிட்டாலும் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். நான் லீவு கேட்டுப் போனபோது மேசையில் அவள் விண்ணப்பமும் இருந்தது.

"ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் தர முடியாது" என்றார் உம்கொட்டி. "யார் போறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. மேலே இருக்கறவர் தீர்த்து வைக்கக் கூடாது, ரெண்டு பேர்தான் பேசணும்னு ரெண்டாம் பாகத்துல இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

என் விண்ணப்பத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அடுப்பங்கரை வாசலில் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்காமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையைச் செருமினேன்.

"அக்கா, உங்க பாகத்துல லீவைப் பத்தி ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றாள். "சொல்ல மாட்டேன்."