இருபத்தொன்பதாம் நாள்

ரத்தத்தில் ஏறும் கிருமியிடம் மனிதகுலம் இனி மண்டியிடாது என்று சீனாவில், குவாங்சோவின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில், ஆறாம் மாடிச் சுவரில், தங்க எழுத்தில் பொறித்திருந்தார்கள். ஏழாம் மாடித் தீவிர சிகிச்சைப் பிரிவில் காலை பத்து மணிக்கு லியாங் ஷௌமிங் இறந்துபோனார். மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பித்தப்பையில் கட்டிய சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது.

மகள் யான்பெய் கதவுக்கு வெளியே, சுருட்டிய சிவப்பு வெல்வெட் பேனரோடு நின்றிருந்தாள். உயிர் காத்த டாக்டருக்கு வீட்டார் தருகிற நன்றி பேனர். ‘எமனிடமிருந்து பிடுங்கித் தந்த கைகளுக்கு’ என்று மஞ்சள் எழுத்து. சிகிச்சையின் இருபதாம் நாள் அப்பா கண் விழித்துக் கஞ்சி கேட்டபோது ஆர்டர் கொடுத்தது. பத்தரைக்குப் போட்டோ எடுப்பதாக ஏற்பாடு.

"தங்கச்சி, அப்பாவைத் துடைச்சுப் புதுத் துணி போட நாப்பது நிமிஷம் ஆகும்," என்றாள் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஷாவ் அக்கா. "கூட யாராவது வராங்களா?"

"இல்லக்கா. நான் ஒரே பொண்ணு."

"சொல்ல வேண்டியவங்களுக்காவது சொல்லு."

யான்பெய் போனை எடுத்துப் பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தாள். திரும்பப் பைக்குள் வைத்தாள்.

மருந்து ஆய்வை நடத்தும் டாக்டர், பேராசிரியர் ஹுவோ வந்தார். பின்னால் விளம்பரப் பிரிவிலிருந்து கேமராவோடு ஒரு பெண்.

"வருத்தமான விஷயம்தாம்மா. ஆனா ஒண்ணு, இருபத்தெட்டு நாள் தாண்டினா எங்க ஆய்வுல பிழைச்சவர்னு அர்த்தம். உங்கப்பா நேத்தே தாண்டிட்டார்."

"அப்போ இன்னைக்கு?"

"இன்னைக்கு ஆய்வுல வராது."

ஏழு நாள், தினம் இரண்டு வேளை, அப்பாவுக்கு ஊசி போட்டார்கள். தைமஸ் சுரப்பியில் ஊறும் புரதத் துணுக்கைப்போலச் செய்த மருந்தாம்; அசந்துபோன எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புமாம். பாதிப் பேருக்குத்தான் அது. மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். அப்பா நினைவில்லாமல் கிடந்ததால் சம்மதக் கையெழுத்து இவளுடையது. போடு என்றோ போடாதே என்றோ சொல்ல ஒரு ஆள் இல்லை. அன்றிலிருந்து ஒரே கேள்வியோடுதான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள்.

"டாக்டர், அப்பாவுக்குப் போனது மருந்தா, உப்புத்தண்ணியா?"

ஹுவோ பேனரைப் பார்த்தார். "முதல்ல இதை முடிச்சிடுவோம். அந்தப் பொண்ணுக்கு அடுத்த இடத்துல வேலை இருக்கு. அப்புறம் பேசலாம்."

யான்பெய் பேனரை விரித்தாள். அவர் தன் பக்கத்து முனையைப் பழகிய கையால் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, உங்க விரல் எழுத்தை மறைக்குது," என்றாள் கேமராக்காரி. "எமன் தெரியல."

விரலை நகர்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட. இங்க பாருங்க. சிரிங்க."

முடிந்தது.

"இப்போ சொல்லுங்க டாக்டர்."

"அது எனக்கே தெரியாதும்மா. பட்டியல் சீல் வெச்சிருக்கு. இன்னும் நானூறு பேர் சேரணும். ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் பிரிப்போம். அப்பவும் யாருக்கு எதுன்னு வீட்டுக்குச் சொல்ற வழக்கமில்ல." பேனரை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் லிஃப்டுக்கு நடந்தார்.

ஷாவ் அக்கா கதவைத் திறந்தாள். "தங்கச்சி, கை சட்டைக்குள்ள போக மாட்டேங்குது. கொஞ்சம் பிடி."

யான்பெய் அப்பாவின் கையைத் தூக்கிப் பிடித்தாள். புஜத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினான்கு ஊசி போட்ட இடம். ஒரு தடம்கூட மிஞ்சவில்லை.

"என்ன தேடுற?"

"ஒண்ணுமில்லக்கா."

அடுத்த வாரம் போனில் பார்க்கிற ஆஸ்பத்திரியின் வீசாட் பக்கத்தில் போட்டோ வந்தது. அதில் யான்பெய் பல் தெரியச் சிரித்திருந்தாள்.