போன் சித்தி

அந்த வீட்டில் வைஃபை குளியலறையில்தான் ஒழுங்காகக் கிடைத்தது. அதனால் அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் மடிக்கணினியை வைத்து, கமோடு மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டு அலுவலகக் கூட்டத்தில் கலந்துகொண்டாள். முதுகுக்குப் பின்னால் வெள்ளை ஓடுகள் பதித்த சுவர். "பின்னாடி என்ன, பீச் ரிசார்ட்டா? கொடுத்து வெச்சவங்க நீங்க" என்றார் மேலாளர். அவளும் சிரித்து வைத்தாள். மேலே ஷவரிலிருந்து சொட்டு சொட்டாகத் தோளில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் கேமராவுக்குத் தெரியவில்லை.

மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை அவளுக்கு. "குறை சொல்றதுக்குச் சம்பளமா? அப்ப நம்ம அத்தை கோடீஸ்வரியா ஆகியிருக்கணுமே" என்று அக்கா கேலி செய்வாள். எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம் என்று நிறுவனம் சொன்ன அன்றே வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரு பெட்டியோடு கிளம்பியவள். நாடு நாடாகப் போனாள். உறவுக்காரர்கள் அவள் போடும் புகைப்படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். உண்மையில், ஒரு புது ஊரில் இறங்கியதும் அவள் முதலில் தேடியது மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிளக்கையும், முதுகை ஒடிக்காத ஒரு நாற்காலியையும்தான். கடல் இருந்த ஊரில் ரொட்டி வாங்கப் போகிற வழியில் கடலைப் பார்த்தாள். மலை இருந்த ஊரில் சூரியன் மறையும் நேரத்துக்குச் சரியாக ஓர் அலுவலகக் கூட்டம் வந்து தொலைக்கும். ரொட்டிக் கடைக்காரி முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்கும்போது விசா முடிந்துவிடும். பெட்டி கட்ட வேண்டும்.

எந்த ஊரிலும் மாறாமல் இருந்தது ஒன்றுதான். அக்கா மகளோடு பேசுவது. அவள் கிளம்பும்போது அக்காவின் வயிற்றில் இருந்த குழந்தை அது. பிறந்ததையும் குப்புற விழுந்ததையும் முதல் பல் முளைத்ததையும் திரையில்தான் பார்த்தாள். இந்த ஊர் முடியட்டும், போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒவ்வொரு ஊரிலும் நினைத்தாள். அதற்குள் குழந்தைக்கு மூன்று வயது தாண்டி, வாய் காது வரை நீண்டுவிட்டது. சாப்பிடும்போது போனை எதிரே சாய்த்து வைத்துக்கொள்ளும். ஒரு வாய் தனக்கு, ஒரு வாய் திரைக்கு. இவள் 'ஆ' என்று வாயைத் திறப்பாள், திரை மங்கிப்போகும். "சித்தி மூஞ்சியெல்லாம் சோறு!" என்று அங்கே ஒரே சிரிப்பாக இருக்கும்.

குளியலறை வைஃபை ஊரில்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து தண்ணீர் எடுக்கக்கூட உடம்பு ஒத்துழைக்கவில்லை. கதவைத் தட்டி என்ன என்று கேட்க அந்தக் கட்டடத்தில் ஒரு ஜீவன் கிடையாது. வீட்டுச் சாவியே வாசலில் தொங்கிய ஒரு பெட்டியில் ரகசிய எண் அழுத்தி எடுத்ததுதான், வீட்டுக்காரர் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. போன் அடித்தது. குழந்தை அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "தண்ணி குடி சித்தி" என்றது. "எடுத்துத் தர ஆள் இல்லடா குட்டி" என்றாள் இவள், விளையாட்டாக. குழந்தை ஓடிப்போய்த் தன் டம்ளரைத் தளும்பத் தளும்பக் கொண்டுவந்து திரையில் சாய்த்தது. அக்கா அலறிக்கொண்டு வந்து போனைப் பிடுங்குவது தெரிந்தது. அப்புறம் திரை இருண்டது.

காய்ச்சல் விட்டதும் அவள் முதலில் செய்த காரியம் ஊருக்கு டிக்கெட் எடுத்தது. யாரிடமும் சொல்லவில்லை.

கதவைத் திறந்த அக்கா ஒரு கணம் சிலையாக நின்றாள். பிறகு தங்கையின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள், அதே கையால் இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாடி உனக்கு?" அழுகை ஓய்ந்ததும் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "குட்டி, யாரு வந்திருக்கா பாரு!"

குழந்தை திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. அவள் முட்டி போட்டுக் கையை நீட்டினாள். குழந்தையின் பார்வை அவள் முகத்தில் கொஞ்சம் நின்றது, பிறகு மெல்லக் கீழே இறங்கியது.

"சித்திடா. உன் சித்தி."

"இல்ல. சித்திக்குக் கால் கிடையாது" என்று சொல்லிவிட்டுத் திரைச்சீலைக்குள் போய்விட்டது.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் சிரித்தாள். ஆனால் அடுத்தடுத்த நாட்களில் அது சிரிக்கிற விஷயமாக இல்லை. வாங்கி வந்த பொம்மையைக் குழந்தை தொடவில்லை. அவள் கூடத்துக்கு வந்தால் அம்மாவின் இடுப்புக்கு ஏறிவிடும். இத்தனை காலம் ஏங்கிய கன்னம் கை எட்டும் தூரத்தில் இருந்தது, எட்டினால் அழுதது. இதற்கிடையே மேலாளர் வேறு, "அடுத்து எந்த நாடும்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவும் அதையே வேறு விதமாகக் கேட்டாள்.

"இருப்பியா, இல்ல திரும்பப் பெட்டியைத் தூக்குவியா?"

அவள் கறிகாய் நறுக்குவதில் மும்முரமாக இருப்பதுபோல இருந்தாள்.

"இரு இருன்னு நான் சொல்ல மாட்டேன்டி. ஆனா குழந்தை மனசுல ஒட்டிக்கிட்டு நீ பாட்டுக்குப் போகாத. அப்புறம் நான்தான் பதில் சொல்லணும்."

அன்று சாயங்காலம் குழந்தை சாப்பிட மறுத்தது. சித்தி வேண்டும், போனில் சித்தி வேண்டும் என்று தரையில் புரண்டது. "எதிர்லயே நிக்கிறா பாரு, போன் எதுக்கு?" என்று சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோன அக்கா, தங்கையைப் பார்த்தாள். "நீ உள் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு போன் பண்ணேன். வேற வழி தெரியல எனக்கு."

அவள் உள்ளே போனாள். தாழ் போட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"சித்தி!" திரை முழுக்கக் கண்ணீரும் சிரிப்புமாக அந்த முகம். "எங்க போயிட்ட நீ? போனே பண்ணல?"

"வேலைடா தங்கம். சாப்பிட்டியா?"

ஒரு வாய் குழந்தைக்கு, ஒரு வாய் திரைக்கு என்று கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு குழந்தை திரைக்கு மிக அருகில் வந்து குரலைத் தாழ்த்தியது. "ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாத. எங்க வீட்டுக்கு ஒரு ஆன்ட்டி வந்திருக்காங்க."

அவள் போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். "அப்படியா? எப்படி இருக்காங்க?"

"உன் மூக்கு மாதிரியே மூக்கு. என்னையே பாத்துக்கிட்டு இருக்காங்க."

"உனக்குப் பிடிக்கலையா அவங்களை?"

குழந்தை யோசித்தது. "நான் அழுதா அவங்களும் அழறாங்க. கிச்சன்ல போய் அழறாங்க. அவங்க அம்மா எங்க, சித்தி?"

"தெரியலயே. நீ கேட்டியா?"

"பயமா இருக்கு." சற்று நேரம் திரையில் ஒரு காது மட்டும் தெரிந்தது. "நீ என்கூட வரியா? நாம ரெண்டு பேரும் போய்க் கேக்கலாம்."

"இப்பவா?"

"அவங்க உள்ள இருக்காங்க. வா, கூட்டிட்டுப் போறேன்."

அவள் பதில் சொல்வதற்குள் திரை குலுங்கியது. சாப்பாட்டுத் தட்டு வந்து போயிற்று, விட்டத்தில் சுழலும் மின்விசிறி, அக்காவின் புடவை, ஏதோ சொல்ல வந்து வாயைப் பொத்திக்கொண்ட அக்காவின் கை. பிறகு சுவர், சுவரோடு சேர்ந்து நகரும் சின்ன விரல்கள். திரை முழுதும் ஒரு பழுப்பு நிறக் கதவு வந்து நின்றது.

அவள் எழுந்தாள். அதே கதவின் மறுபக்கம் அவளுக்கு எதிரே இருந்தது.

"சித்தி, இருக்க இல்ல?"

"இருக்கேன்டா."

தட்டும் சத்தம் முதலில் மரத்தில் கேட்டது. ஒரு கணம் பிந்தி, அவள் கையிலிருந்த போனிலும் கேட்டது.